ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு 'உணவு அடிமை' என்று மதிப்பெண் வந்தால்

ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. செல்போனில் எங்கோ 35 கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை எழுதியிருக்கிறாள். முடிவில் 'கடுமையான உணவு அடிமைத்தனம்' என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து முகம் வாடிக் கிடக்கிறாள். இரவில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் முடிக்காமல் விடமாட்டாள் என்பது அம்மாவுக்கும் தெரியும். இந்த முடிவை நம்பலாமா, வீட்டில் நொறுக்குத்தீனியை அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

35 கேள்விகள் என்றால் அது யேல் உணவு அடிமை அளவுகோலின் இரண்டாம் பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். 2016இல் வந்தது. பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. உங்கள் மகளின் முடிவில் முதல் சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

அந்த அளவுகோல் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது விளங்கிவிடும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி கியர்ஹார்ட், வில்லியம் கார்பின், கெல்லி பிரவுனெல் ஆகிய மூவரும் 2009இல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். உணவு போதைப்பொருளா இல்லையா என்ற சண்டைக்குள் அவர்கள் போகவில்லை. மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டில் மது, புகையிலை, போதைப்பொருள் சார்பு நிலைக்கு என்னென்ன அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றனவோ, அவற்றை எடுத்து, 'மது' இருந்த இடத்தில் 'சில உணவுகள்' என்று வைத்துக் கேள்வியாக்கினார்கள். நினைத்ததைவிட அதிகமாகச் சாப்பிடுவது, குறைக்க முயன்று தோற்பது, தீங்கு என்று தெரிந்தும் தொடர்வது, விட்டால் எரிச்சலோ பதற்றமோ வருவது என்று ஏழு அடையாளங்கள், 25 கேள்விகள். 2013இல் கையேடு திருத்தப்பட்டு அடையாளங்கள் 11 ஆயின. அதற்கேற்ப 2016இல் 35 கேள்விகள் ஆயின. இரண்டு மூன்று அடையாளங்கள் இருந்தால் லேசானது, நான்கைந்து இருந்தால் நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ இருந்தால் கடுமை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு. எத்தனை அடையாளங்கள் இருந்தாலும் சரி, அதனால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்த நபர் குறிப்பிடத்தக்க மனவேதனையில் இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் அந்த அளவுகோலின் சொந்த விதிப்படியே 'அடிமைத்தனம்' என்ற முடிவு கிடையாது. மதிப்பெண் போடும் முறையும் நேரடிக் கூட்டல் அல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' முதல் 'தினமும்' வரை எட்டுப் பதில்கள் உண்டு. சில கேள்விகளில் மாதம் ஒரு முறை என்றாலே அடையாளம் இருப்பதாகக் கணக்கு. வேறு சிலவற்றில் வாரத்துக்குப் பல முறை நடந்தால்தான் கணக்கு. எந்தக் கேள்விக்கு எந்த வரம்பு என்ற பட்டியல் இல்லாமல் யாராவது எண்களைக் கூட்டிக் காட்டினால் அந்தக் கூட்டுத்தொகைக்கு அர்த்தமில்லை. உங்கள் மகள் பார்த்த பக்கம் இதையெல்லாம் முறையாகச் செய்ததா என்று முதலில் பாருங்கள்.

சரி, முறையாகவே செய்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது 14 வயதுக்குப் பொருந்துமா?

கேள்விகளைப் படித்தாலே தெரியும். சாப்பாட்டு நினைப்பில் கவனம் சிதறி ஆபத்து வரும் நிலை ஏற்பட்டதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணங்கள் கார் ஓட்டுவது, சாலையைக் கடப்பது, இயந்திரம் இயக்குவது. அதிகமாகச் சாப்பிடுவதால் குடும்பத்தைக் கவனிப்பதிலும் வீட்டு வேலையிலும் இடைஞ்சல் வந்ததா என்று இன்னொன்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கார் ஓட்டுவதில்லை, குடும்பத்தைத் தாங்குவதும் இல்லை. அவள் ஏதோ ஒரு பதிலைத் தொட்டிருப்பாள். அது என்ன அர்த்தத்தில் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

உணவுப் பட்டியலையும் பாருங்கள். 'சில உணவுகள்' என்றால் எவை என்று கேள்விகளுக்கு முன்னால் ஒரு விளக்கம் வரும். ஐஸ்கிரீம், சாக்லெட், கேக், சிப்ஸ், பீட்சா, பர்கர், வறுத்த உருளைக்கிழங்கு, சர்க்கரை சேர்த்த குளிர்பானம். இதுவரை புரிகிறது. மாவுச்சத்து உணவுகள் என்ற வரிசையில் வெள்ளை ரொட்டி, பாஸ்தாவோடு சோறும் இருக்கிறது. அமெரிக்க வாசகருக்கு அது உறுத்தாது. நம் வீட்டில் மத்தியானம் சோறு, சில வீடுகளில் ராத்திரியும் சோறு. 'இந்த உணவு இல்லாவிட்டால் ஒரு மாதிரி இருக்கிறதா?' என்று கேட்டால் சாம்பார் சாதத்தை மனதில் வைத்து 'ஆமாம், தினமும்' என்று பதில் சொல்லாத தமிழ்ப் பிள்ளை எத்தனை பேர்? அவள் எந்த உணவை நினைத்துப் பதில் சொன்னாள் என்று கேட்டுப் பாருங்கள். கேள்வித்தாள் அதைக் கேட்காது, நீங்கள் கேட்கலாம்.

பிள்ளைகளுக்கென்று தனி அளவுகோல் இல்லாமல் இல்லை. அதே ஆய்வாளர்கள் 2013இல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மொழியை எளிமையாக்கி, வேலை, குடும்பம் என்பதையெல்லாம் பிள்ளைகளின் அன்றாடத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். முதல் ஆய்வில் 4 முதல் 16 வயது வரை 75 பிள்ளைகள். அவர்களில் சுமார் 7 சதவீதம் பேர் முழு வரையறைக்குள் வந்தார்கள். நான்கு வயதுக் குழந்தையையும் பதினாறு வயதுப் பையனையும் ஒரே தாளில் அளப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அதை முதற்கட்ட முயற்சி என்றுதான் அவர்களே தலைப்பில் சொன்னார்கள்.

அதைவிட நேர்மையான முயற்சி 2018இல் வந்தது. எரிகா ஷீஸ்ட்லும் கியர்ஹார்ட்டும் 13 முதல் 16 வயது வரையிலான 127 பேரை வைத்துச் சோதித்து, சரியாக வேலை செய்யாத கேள்விகளை நீக்கி 16 கேள்விகளோடு நிறுத்தினார்கள். முக்கியமான மாற்றம் என்னவென்றால், இதில் 'அடிமை', 'அடிமை இல்லை' என்ற தீர்ப்பே கிடையாது. ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தத்தைக் கூட்டினால் குறைவா, நடுவா, அதிகமா என்ற ஒரு நிலை தெரியும், அவ்வளவுதான். இந்த வயதில் இதுதான் பொருத்தம் என்பது என் கருத்தும். அதிகமாகச் சாப்பிடும் பழக்கம் வேலையை, உறவை, உடம்பைக் கெடுப்பதற்கு ஆண்டுகள் ஆகும். வளரிளம் பருவத்தில் தொந்தரவு அப்போதுதான் தலைகாட்டும். அந்த நேரத்தில் 'உண்டு, இல்லை' என்று கோடு போட்டால் உண்மையிலேயே தவிக்கும் பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கம் விடுபடும். ஒரு மாதம் பரீட்சைக் கவலையில் அதிகம் தின்ற பிள்ளை அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளும்.

எத்தனை பிள்ளைகளுக்கு இது இருக்கிறது என்று அடுத்து எல்லோரும் கேட்பார்கள். 22 ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வந்த ஒரு தொகுப்பு, சிறுவர்களிலும் வளரிளம் பருவத்தினரிலும் சேர்த்து 15 சதவீதம் என்றது. பொதுவான பிள்ளைகளில் 12, எடை கூடியவர்களில் 19. ஜெர்மனியில் எடை குறைப்புச் சிகிச்சைக்கு வந்த 50 வளரிளம் பருவத்தினரிடம் பெரியவர்களுக்கான தாளையே கொடுத்தபோது 38 சதவீதம் வந்தது. யாரிடம் கேட்கிறோம், எந்தத் தாளால் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எண் இந்த அளவுக்கு ஏறி இறங்கும். செய்தித்தாளில் எட்டுப் பேரில் ஒருவர் என்று தலைப்பு வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பெண் அதிகமாக வந்தால் அதற்குக் காரணம் உணவின் போதைதான் என்று கேள்வித்தாள் காட்டுவதில்லை. வேறொரு காரணமும் அதே மதிப்பெண்ணைத் தரும். பட்டினி.

இதற்குத் தெளிவான சான்று ஜெர்மனியில் அட்ரியன் மியூல் குழுவினர் செய்த ஆய்வு. புலிமியா என்ற நோய் உண்டு. ஒரே மூச்சில் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, எடை ஏறிவிடும் என்ற பயத்தில் வாந்தியெடுப்பதும் கடும் பட்டினி கிடப்பதும் மாறி மாறி நடக்கும். நோய் இருக்கும் பெண்கள், குணமான பெண்கள், நோயே இல்லாதவர்கள் என மூன்று பிரிவினருக்கும் யேல் தாளைக் கொடுத்தார்கள். நோய் இருந்தவர்களில் ஒருவர் விடாமல் எல்லோரும் 'உணவு அடிமை' என்று வந்தார்கள். குணமானவர்களில் 30 சதவீதம். நோயில்லாதவர்களில் யாருமில்லை. ஸ்பெயினில் உண்ணுதல் கோளாறுகளுக்குச் சிகிச்சை பெறுபவர்களிடம் எடுத்தபோது 72.8 சதவீதம், மற்றவர்களிடம் 2.4. அதாவது யேல் தாளில் உயர்ந்த மதிப்பெண் வாங்குவதில் உண்ணுதல் கோளாறு உள்ளவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு 'நீ சர்க்கரைக்கு அடிமை, அதைத் தொடாதே' என்று யோசனை சொன்னால் நோயை வளர்த்ததாகத்தான் ஆகும்.

பட்டினி என்ன செய்யும் என்பது இன்று நேற்று தெரிந்ததல்ல. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 ஆண்களை ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்துப் பார்த்தார். அவர்கள் சாப்பாட்டைப் பற்றியே கனவு கண்டார்கள், சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், தட்டை வழித்து நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலர் வயிறு வெடிக்கச் சாப்பிட்டும் போதவில்லை என்றார்கள். அன்றைக்கு யேல் தாள் இருந்திருந்தால் அவர்களுக்கு என்ன முடிவு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எலிகளை வைத்துச் செய்த சர்க்கரை ஆய்வுகளிலும் இதே கதை. சர்க்கரைத் தண்ணீர் எப்போதும் கிடைத்தால் அடிமைத்தன நடத்தை வருவதில்லை. நாளில் பல மணி நேரம் தீவனத்தையும் மறைத்துவைத்து இடைவெளி விட்டுக் கொடுத்தபோதுதான் வருகிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் இதையெல்லாம் திரட்டிச் சுட்டிக்காட்டினார்கள்.

அதனால் உங்கள் மகளைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி சிப்ஸ் பற்றியதல்ல. காலையில் என்ன சாப்பிடுகிறாள்? பள்ளி வேனைப் பிடிக்கும் அவசரத்தில் அரை டம்ளர் பாலோடு ஓடுகிறாளா? டிபன் பாக்ஸ் பாதி மிச்சத்தோடு திரும்பி வருகிறதா? மாலை டியூஷன் முடிந்து இரவு எட்டரைக்கு வீடு வந்து சேருகிறாளா? அப்படியென்றால் இரவில் அவள் சிப்ஸ் பாக்கெட்டை முடிப்பதற்குப் பெரிய மூளை விஞ்ஞானம் தேவையில்லை. இந்தப் பதில்களோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மாதங்களாக அவள் எடையைப் பற்றிப் பேசுகிறாளா, சோற்றைக் குறைக்கிறாளா, 'டயட்' என்ற சொல் அடிக்கடி வருகிறதா? வளரிளம் பெண்களில் பகலில் அடக்கி இரவில் அடக்க முடியாமல் போவது நான் மீண்டும் மீண்டும் பார்க்கும் ஒன்று. அதன் நடுவில் இருக்கும் பிள்ளை 'குறைக்க முயன்றேன், முடியவில்லை' என்ற கேள்விக்கு உண்மையாகவே 'ஆமாம்' என்பாள். பல ஆய்வுகளில் அதிகம் பேர் 'ஆமாம்' சொல்லும் அடையாளமும் இதுதான். டயட் இருக்கும் எவரும் அதற்கு 'ஆமாம்' என்றுதான் சொல்லியாக வேண்டும்.

இந்த வயதுக்கே உரிய இன்னும் சில குழப்பங்கள் உண்டு. வளர்ச்சி வேகமாக இருக்கும் காலத்தில் பசி திடீரென்று கூடும். 'முன்பைவிட அதிகம் சாப்பிட்டால்தான் திருப்தி' என்பது மதுவில் உடம்பு அந்த அளவுக்குப் பழகிப்போனதன் அடையாளம், பதின்மூன்று வயதில் எலும்பு நீளுவதன் அடையாளம். அடுத்து, உணவு யார் கையில் இருக்கிறது என்பது. பெரியவர் தானே வாங்குகிறார், தானே நிறுத்துகிறார், நிறுத்தியபோது உடம்பு என்ன செய்தது என்று அவரால் சொல்ல முடியும். பிள்ளைக்கு வாங்கித் தருவதும் ஒளித்துவைப்பதும் நாம். விட்டுப் பார்த்த அனுபவமே இல்லாதவளிடம் 'விட்டபோது பதற்றம் வந்ததா' என்று கேட்டு என்ன பயன்? இதனால்தான் சிறு குழந்தைகளுக்குப் பெற்றோரே பதில் சொல்லும்படி, விட்டபின் வரும் தொந்தரவை மட்டும் அளக்கும் தனித் தாளை 2020இல் உருவாக்கினார்கள். அது 3 முதல் 11 வயது வரைக்குத்தான்.

பள்ளியில் இந்தத் தாளை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுக்காரி எட்டிப் பார்க்கும் இடத்தில் 'ரகசியமாகச் சாப்பிடுகிறாயா' என்று கேட்டால் உண்மை வராது. எடை கூடிய பிள்ளை கேள்விகளைப் பார்த்ததுமே இது தன்னைப் பற்றியது என்று சுருங்கிவிடும். இரண்டு வாரம் கழித்து அதே தாளைக் கொடுத்தால் கிட்டத்தட்ட அதே மதிப்பெண் வருகிறதா, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கேள்வி ஒரே அர்த்தத்தில் போய்ச் சேர்கிறதா, ஏற்கெனவே இருக்கும் உண்ணுதல் கோளாறுத் தாள்கள் சொல்லாத எதையாவது இது புதிதாகச் சொல்கிறதா என்பதையெல்லாம் நம் பிள்ளைகளிடமே சோதித்துப் பார்க்காமல் முடிவை ரிப்போர்ட் கார்டில் ஏற்றக் கூடாது.

இத்தனையும் சொன்னதால் 'உணவு அடிமைத்தனம் என்பதே புருடா' என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விவாதம் இன்னும் முடியவில்லை. மனநலக் கையேட்டில் இது நோயாக இடம்பெறவில்லை. அதில் இருப்பது அளவுமீறி உண்ணும் கோளாறு. ஜெர்மனியின் யோகன்னஸ் ஹேபபிராண்டும் மற்றவர்களும் 2014இல், குற்றம் ஏதோ ஓர் உணவுப் பொருளில் இல்லை, உண்ணும் நடத்தையில்தான் அடிமைத்தனம் இருக்கிறது என்று வாதிட்டார்கள். அந்த வழியில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 2017இல் 15 கேள்விகள் கொண்ட வேறொரு அளவுகோல் வந்தது. அது போதைப்பொருள் அடையாளங்களைக் கடன் வாங்கவில்லை. உண்ணும் உந்துதல் எவ்வளவு, உணவுக் கட்டுப்பாடு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று இரண்டை மட்டும் அளக்கிறது. அதுவும் பெரியவர்களை வைத்து உருவானதுதான்.

கியர்ஹார்ட் தரப்போ பொருளையும் விடக் கூடாது என்கிறது. 2015இல் அவர்கள் 35 உணவுகளைக் கொடுத்து, எதைச் சாப்பிடும்போது கட்டுப்பாடு தவறுகிறது என்று கேட்டார்கள். பீட்சா, சாக்லெட், சிப்ஸ், பிஸ்கட், ஐஸ்கிரீம் மேலே வந்தன. வெள்ளரிக்காயும் கேரட்டும் கடைசியில். கொழுப்பும் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும் மாவுச்சத்தும் தொழிற்சாலையில் ஒன்றாகச் சேரும்போது ஏதோ நடக்கிறது என்பதை மறுப்பது கஷ்டம். யாரும் வெள்ளரிக்காயை ஒளித்துவைத்துத் தின்பதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2020இல் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளை விற்கத் தடை போட்டது. விதி காகிதத்தில் இருக்கிறது, பெட்டிக்கடை வாசலில் இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்? மொத்த மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, அவள் சம்மதித்தால் கேள்விகளை ஒவ்வொன்றாக அவளோடு உட்கார்ந்து பாருங்கள். எதற்கு 'அடிக்கடி' என்று சொன்னாள், அப்போது எந்த உணவு, எந்த நேரம், பசியிலா, மனசு சரியில்லாதபோதா? தூக்கம் வராத இரவுகளிலா? ஒரு மணி நேரப் பேச்சில் அந்த 35 பதில்களும் சொல்லாதது கிடைக்கும். 'நீ அடிமை இல்லை' என்று சமாதானம் சொல்லவும் அவசரப்பட வேண்டாம். அவளுக்கு வேதனை இருந்தால் அது உண்மை, பெயர் எதுவாக இருந்தாலும்.

நொறுக்குத்தீனியை அடியோடு நிறுத்துவதை நான் சொல்லமாட்டேன். பட்டினி பற்றி மேலே சொன்னதுதான் காரணம். தடை போட்டால் அது கடைக்கும் தோழி வீட்டுக்கும் இடம் மாறும், கூடவே ஒளிவு மறைவும் சேரும். காலை இட்லியோ தோசையோ உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கும்படி செய்யுங்கள். பள்ளி விட்டதும் டியூஷனுக்கு முன் வயிறு நிறைய ஏதாவது, சுண்டலோ முட்டையோ வாழைப்பழமோ, கொடுத்துவிடுங்கள். சிப்ஸை வாங்கினால் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, எல்லோரும் இருக்கும்போது தட்டில் கொட்டிச் சாப்பிடுங்கள். அவள் எடையைப் பற்றி வீட்டில் யாரும், பாட்டி உட்பட, கிண்டலாகக்கூட ஒன்றும் சொல்ல வேண்டாம்.

சில விஷயங்கள் தென்பட்டால் வீட்டு வைத்தியம் போதாது. சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய் வெகுநேரம் இருப்பது, பேதி மாத்திரை, சில வாரங்களில் எடை மளமளவென்று இறங்குவதோ ஏறுவதோ, மாதவிடாய் நின்றுபோவது, மயக்கம், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தைநல மருத்துவரையும் மனநல மருத்துவரையும் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது செல்போனில் வந்த மதிப்பெண்ணைவிட ஒரு வாரக் குறிப்பு அதிகம் உதவும். அதை அவளே எழுதட்டும். மணி, பசி இருந்ததா இல்லையா, தனியாகவா யாருடனாவதா, அப்போது மனசு எப்படி இருந்தது. இவ்வளவு போதும். எத்தனை இட்லி, எத்தனை கலோரி என்று எழுதச் சொல்லாதீர்கள்.